துல்லியமாகப் போட்டால் நேரம் போதவில்லை, குத்துமதிப்பாகப் போட்டால் ஐந்துக்கு மூன்று

கேள்வி (பிப்ரவரி 3)

தேர்வில் அட்டவணை, வரைபடம் கொடுத்து ஐந்தைந்தாகக் கேட்கும் கேள்விகளில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். உட்கார்ந்து முழுசாகப் பெருக்கி வகுத்தால் ஐந்துக்கு ஐந்தும் சரி. ஆனால் ஒரு தொகுப்புக்கே பதினான்கு நிமிடம் போய்விடுகிறது. எல்லாரும் சொல்கிறார்களே என்று குத்துமதிப்பாகப் போட்டுப் பார்த்தேன். ஆறே நிமிடம்தான், ஆனால் ஐந்துக்கு மூன்றுதான் தேறுகிறது. குத்துமதிப்பு என்பதே அதிர்ஷ்டக் கணக்கோ என்று சந்தேகமாக இருக்கிறது. எதை விடுவது?

பதில் (பிப்ரவரி 3, இரவு)

அதிர்ஷ்டம் இல்லை. கொடுத்திருக்கும் விடைகளைப் பார்க்காமலே தோராயம் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு ஆலையின் உற்பத்தி 3,847-இலிருந்து 4,912 ஆனது, வளர்ச்சி எத்தனை சதவீதம் என்று கேள்வி. விடைகள் 18, 22.5, 27.7, 34. கூடியது ஆயிரத்துச் சொச்சம். 3,847-இல் கால்வாசி 960 பக்கம் வரும். ஆக 25-க்குக் கொஞ்சம் மேலே. 34 ஆக வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்கையே தாண்டியிருக்க வேண்டும், அதாவது 1,280-க்கு மேல். அவ்வளவு இல்லை. 27.7. பேனாவையே எடுக்கவில்லை.

இப்போது அதே அட்டவணை, அதே கேள்வி. விடைகள் மட்டும் 27.1, 27.4, 27.7, 28.0 என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே’ என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எவ்வளவு தோராயம் போடலாம் என்பதை விடைகள்தான் சொல்லும். கேள்வியைப் படித்ததும் கண் முதலில் அங்கே போக வேண்டும், அட்டவணை அப்புறம்.

நான் வைத்திருக்கும் அளவு இது: மிக அருகில் இருக்கும் இரண்டு விடைகளுக்கு நடுவே எத்தனை சதவீத இடைவெளியோ, என் பிழை அதில் பாதிக்குள் இருக்க வேண்டும். 22.5-க்கும் 27.7-க்கும் நடுவே ஏறக்குறைய 20 சதவீதம். அதனால் 10 சதவீதம் வரை நான் அசட்டையாக இருக்கலாம். அது தாராளம்.

இன்னொன்று. எண்களை முழுதாக்கும்போது இரண்டையும் ஒரே பக்கம் தள்ளுங்கள். மேலே தூக்கினால் இரண்டையும் தூக்குங்கள், கீழே இறக்கினால் இரண்டையும் இறக்குங்கள். பெருக்கலோ வகுத்தலோ, பிழை அடிபட்டுப் போகும்.

பிப்ரவரி 4

நேற்று எழுதிய கடைசிப் பத்தியில் பாதி தப்பு. கீழே ஒருவர் பிடித்துவிட்டார், நன்றி. வகுத்தலுக்குத்தான் ஒரே பக்கம். 617-ஐ 83-ஆல் வகுக்க 600-ஐ 80-ஆல் வகுத்தால் 7.5. சரியான விடை 7.43. இரண்டையும் இறக்கியதால் பெரிய சேதம் இல்லை. 620-ஐ 80-ஆல் வகுத்திருந்தால் 7.75, அதாவது நாலு சதவீதத்துக்கு மேல் பிழை. பெருக்கலில் இதற்கு நேர்மாறு: ஒன்றைத் தூக்கினால் மற்றதை இறக்க வேண்டும். 48-ஐயும் 73-ஐயும் பெருக்க 50 × 70 போட்டால் 3,500. உண்மை 3,504. நான் நேற்றுச் சொன்னபடி 50 × 75 போட்டிருந்தால் 3,750 என்று எங்கேயோ போயிருக்கும்.

இரவு பதினொன்றரைக்கு யோசனை சொல்லக் கூடாது.

பிப்ரவரி 6

கேட்டவர் தப்பான இரண்டு கேள்விகளையும் அனுப்பியிருக்கிறார். இரண்டாவதை அப்புறம் பார்க்கிறேன். முதலாவது அருமையான கேள்வி, எனக்கே பழைய காயம் வலித்தது.

விற்பனை 2,847-இலிருந்து 2,963 ஆனது, எத்தனை சதவீதம் கூடியது? விடைகள் 4.1, 5.6, 7.1, 8.3. இடைவெளி நன்றாகத்தான் இருக்கிறது. நான் சொன்ன அளவுப்படி பார்த்தால் தாராளமாகத் தோராயம் போடலாம். அவரும் போட்டிருக்கிறார்: 2,800-இலிருந்து 3,000. கூடியது 200. 200-ஐ 2,800-ஆல் வகுத்தால் 7.1. விடையிலேயே 7.1 இருக்கிறது! சந்தோஷமாகக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

சரியான விடை 4.1. கூடியது 116தான்.

ஒவ்வொரு எண்ணையும் தனியாகப் பாருங்கள். 2,847-ஐ 2,800 ஆக்கியதில் பிழை 1.7 சதவீதம். 2,963-ஐ 3,000 ஆக்கியதில் 1.2 சதவீதம். இரண்டும் அற்பம். ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்ததும் என்ன ஆனது? ஒரு பக்கம் 47 குறைந்தது, மறுபக்கம் 37 கூடியது, இரண்டும் சேர்ந்து 84. கணக்குக்கு வேண்டியதே 116தான். அந்த 116 மேல் இந்த 84 ஏறி உட்கார்ந்தால் 72 சதவீதப் பிழை. அருகருகே இருக்கும் இரண்டு எண்களை முழுதாக்கிவிட்டுக் கழிப்பது, தராசில் தானும் ஏறி நின்றுகொண்டு கடுகை எடை போடுவது மாதிரி.

கழித்தல் இருந்தால் முதலில் உள்ள இலக்கங்களோடு அப்படியே கழியுங்கள். நாலு இலக்கக் கழித்தலுக்கு மூன்று வினாடி. முழுதாக்குவது அதற்கு அப்புறம்: 116-ஐ 2,847-ஆல் வகுக்க வேண்டும். ஒரு சதவீதம் 28.5, நாலு சதவீதம் 114. முடிந்தது.

கேள்வி அமைப்பவருக்கு இது தெரியாது என்று நினைக்காதீர்கள். 7.1 தானாக வந்து அங்கே உட்காரவில்லை.

பிப்ரவரி 6, சற்றுப் பின்

பழைய காயம் என்றேனே, அது இதுதான். பயிற்சித் தேர்வு ஒன்றில் தொடர்ந்து மூன்று தடவை இதே மாதிரி விழுந்தேன். ஒவ்வொரு முறையும் ‘கவனக்குறைவு’ என்று நோட்டில் எழுதிவைத்தேன். கவனக்குறைவு என்று எழுதினால் அடுத்த முறை இன்னும் கவனமாக இருக்கலாம் என்று தோன்றும், வேறு ஒன்றும் புரியாது. நாலாவது தடவை ஒரு தோழி நோட்டைப் புரட்டிவிட்டு, “உனக்குக் கழித்தல் வந்தால் மட்டும் கவனக்குறைவு வருதா?” என்று கேட்டாள். அன்றிலிருந்து தப்பு நோட்டில் காரணத்தை எழுதுவதில்லை. என்ன கணக்குச் செய்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்: கழித்தல், வகுத்தல், அலகு, தலைப்பு படிக்காதது.

தலைப்பு படிக்காததில் நான் முனைவர் பட்டமே வாங்கியிருப்பேன். அட்டவணைக்கு மேலே சின்ன எழுத்தில் ‘ஆயிரங்களில்’ என்று போட்டிருப்பான்.

பிப்ரவரி 9

இரண்டாவது கேள்வி. ஐந்து பிரிவுகளில் எதில் லாப விகிதம் அதிகம் என்று கேட்டிருக்கிறார்கள். இவர் ஐந்தையும் தசமத்தில் வகுத்திருக்கிறார். மூன்றைக் கண்ணாலேயே கழித்துவிடலாம், 0.3 பக்கம் கிடக்கின்றன. மீதி இரண்டு 347/812, 389/923. இரண்டும் 0.4-க்கு மேலே, இரண்டும் ஒரே மாதிரி தெரிகின்றன. இவர் இரண்டையும் 0.42-ஓடு வெட்டிவிட்டு, பெரிய எண் இருக்கிற பக்கம் சாய்ந்துவிட்டார்.

இங்கே வகுக்கவே வேண்டாம். மேல் எண் 347-இலிருந்து 389 ஆகிறது. 42 கூடுதல், 12 சதவீதம். கீழ் எண் 812-இலிருந்து 923 ஆகிறது. 111 கூடுதல், 13.7 சதவீதம். கீழ் எண் வேகமாக வளர்ந்திருக்கிறது, ஆகவே இரண்டாவது பின்னம் சிறியது. முதலாவதுதான் விடை. எது பெரியது என்று கேட்டால் எவ்வளவு என்று கண்டுபிடிக்கத் தேவையில்லை. இது சாதாரணமாகத் தெரியும், ஆனால் பழகிய கை தானாக வகுக்கப் போய்விடும். எனக்கு இன்னும் போகிறது.

பின்னத்தைச் சதவீதமாக மாற்றுவது மனப்பாடமாக இருந்தால் பாதி வேலை மிச்சம். ஆறில் ஒன்று 16.67, ஏழில் ஒன்று 14.29, எட்டில் ஒன்று 12.5, ஒன்பதில் ஒன்று 11.11, பதினொன்றில் ஒன்று 9.09, பன்னிரண்டில் ஒன்று 8.33, பதின்மூன்றில் ஒன்று 7.69. பதினைந்து, பதினாறு வரை போங்கள். அதற்கு மேல் போனவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் வேறு ரகம்.

பிப்ரவரி 10

“குத்துமதிப்பு என்று சொல்லாதீர்கள், மதிப்பீடு என்று சொல்லுங்கள், குத்துமதிப்பு அலட்சியமாகத் தொனிக்கிறது” என்று ஒரு குறிப்பு வந்திருக்கிறது. இருக்கட்டும். நம்மிடம் இதற்குச் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. குத்துமதிப்பு, உத்தேசம், தோராயம், கண்மதிப்பு, ஏறக்குறைய, கிட்டத்தட்ட. எனக்கு இதில் பிடித்தது ‘ஏறக்குறைய’. ஏறவும் செய்யலாம், குறையவும் செய்யலாம் என்று இரண்டு பக்கத்தையும் சொல்லிவிடுகிறது. தோராயம் போடும்போது தொலைந்துபோவது பெரும்பாலும் அதுதான்: என் விடை உண்மையைவிட ஏறி நிற்கிறதா, குறைந்து நிற்கிறதா?

ஆர்க்கிமிடீஸ் பை-யின் மதிப்பைப் பிடித்தது இந்த வழியில்தான். வட்டத்துக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என 96 பக்கப் பலகோணங்களை வைத்து, பை 223/71-ஐவிடப் பெரியது, 22/7-ஐவிடச் சிறியது என்று நிறுவினார். தசமத்தில் சொன்னால் 3.1408-க்கும் 3.1429-க்கும் நடுவே. நாம் 22/7-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, அது ஏறி நிற்கும் எண் என்பதை மறந்துவிட்டோம்.

தேர்வில் இதையே சின்ன அளவில் செய்யலாம். 1,347-ஐ 289-ஆல் வகுக்க வேண்டும். மேல் எண்ணைத் தூக்கி, கீழ் எண்ணை இறக்கினால் 1,350/270, அதாவது 5. நிச்சயம் இது அதிகம். மேல் எண்ணை இறக்கி, கீழ் எண்ணைத் தூக்கினால் 1,305/290, அதாவது 4.5. நிச்சயம் இது குறைவு. விடைகளில் 4.5-க்கும் 5-க்கும் நடுவே ஒன்றுதான் இருந்தால் வேலை முடிந்தது. இரண்டு இருந்தால், எந்த இரண்டு என்றாவது தெரிந்துவிட்டது.

(வகுத்தலுக்கு அன்றைக்கு ‘ஒரே பக்கம் தள்ளு’, இன்றைக்கு ‘எதிர்ப்பக்கம் தள்ளு’ என்கிறீர்களே என்று கேட்பீர்கள். அங்கே பிழையைக் குறைக்க வேண்டும், இங்கே வேண்டுமென்றே பிழை செய்து வேலி போட வேண்டும். வேலை வேறு.)

பிப்ரவரி 14

கணிப்பான் கொடுக்கிற தேர்வுகளில் இதெல்லாம் எதற்கு என்று ஒரு கேள்வி. நியாயம்தான். வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வின் கணிதப் பகுதியில் திரையிலேயே கணிப்பான் இருக்கிறது. மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட்டில் தரவுப் பகுதிக்கு உண்டு, தனிக் கணிதப் பகுதிக்குக் கிடையாது. ஆனால் அந்தத் தரவுப் பகுதியில் 45 நிமிடத்துக்கு 20 கேள்விகள், ஒன்றுக்குச் சராசரியாக இரண்டேகால் நிமிடம். பல தாவல்களில் பரப்பி வைத்த தகவலைப் படித்து முடிக்கவே அதில் பாதி போய்விடும். திரைக் கணிப்பானில் சுட்டியால் ஒவ்வொரு இலக்கமாகத் தட்டிப் பாருங்கள். நாலு இலக்க எண் இரண்டைத் தட்டி முடிப்பதற்குள் மனக்கணக்குப் போட்டவர் அடுத்த கேள்வியைப் படித்துக்கொண்டிருப்பார்.

அதைவிட, கணிப்பான் இருக்கும்போதுதான் குத்துமதிப்பு எனக்கு அதிகம் தேவைப்படுகிறது. விரல் வழுக்கி ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்தால் அது வாயைத் திறக்காது. கணிப்பான் வருவதற்கு முன் ஸ்லைடு ரூல் என்ற நகரும் அளவுகோலை வைத்துக் கணக்குப் போட்ட காலத்துப் பொறியாளர்களுக்கு இந்தப் பழக்கம் கட்டாயமாகவே இருந்தது. அந்தக் கருவி 3, 8, 4 என்று இலக்கங்களைத்தான் காட்டும். அது 3.84-ஆ 38.4-ஆ 384-ஆ என்பதை ஆள்தான் மனதில் போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வரைபடத்துக்கு வருவோம். ஜிஆர்இயில் வடிவியல் படங்கள் அளவுப்படி இருக்கும் என்று நம்பக் கூடாது. ஆனால் பட்டை, கோடு, வட்ட விளக்கப்படங்கள் அளவுப்படிதான் வரையப்பட்டிருக்கும், பார்த்தே மதிப்பிடலாம் என்று அவர்களே விதியில் சொல்லிவிடுகிறார்கள். கண்மதிப்புக்கு அனுமதிச் சீட்டே கொடுத்தாயிற்று. ஆனாலும் ஒரு சங்கதி. அச்சு எங்கே தொடங்குகிறது என்று பார்த்த பிறகே கண்ணை நம்புங்கள். அச்சு 80-இல் தொடங்கி, ஒரு பட்டை 88-இலும் மற்றொன்று 96-இலும் முடிந்தால், இரண்டாவது பட்டை முதலாவதைப்போல் இரண்டு மடங்கு உயரம். உண்மையான வித்தியாசம் 9 சதவீதம். படம் பொய் சொல்லவில்லை, நாம் அடிப்பகுதியைப் பார்க்கவில்லை.

வட்டப்படத்தில் டிகிரி கொடுத்தால் 3.6-ஆல் வகுக்க வேண்டும். 54 டிகிரி 15 சதவீதம், 72 டிகிரி 20 சதவீதம். 36 டிகிரிக்குப் பத்து என்பதை வைத்தே முக்கால்வாசி ஓட்டிவிடலாம்.

பிப்ரவரி 15

“காதலர் தினத்தன்று வட்டப்படம் பற்றி எழுதியிருக்கிறீர்கள்” என்று ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். எனக்கும் வருத்தம்தான்.

பிப்ரவரி 20

கூட்டலைப் பற்றி இதுவரை ஒன்றுமே சொல்லவில்லை. ஐந்து எண்கள்: 1,847, 2,163, 938, 3,472, 1,595. நூறுக்கு முழுதாக்கினால் 18, 22, 9, 35, 16. மொத்தம் 100, அதாவது 10,000. உண்மை 10,015. கூட்டலில் ஏறுவதும் இறங்குவதும் கலந்து வருவதால் பிழை தன்னாலே அடங்கிவிடும். அவசரத்தில் முழுதாக்கக்கூட நேரமில்லை என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை வெட்டிவிட்டு, 18, 21, 9, 34, 15 என்று கூட்டுங்கள். 97. வெட்டியதில் எண்ணுக்குச் சராசரியாக 50 போயிருக்கும், ஐந்துக்கு 250. சேர்த்தால் 9,950. அதுவும் பழுதில்லை.

சராசரி கேட்டால் மொத்தம் எதற்கு? 487, 512, 495, 530, 478 என்றால் 500-ஐ நடுவில் நிறுத்துங்கள். −13, +12, −5, +30, −22. நிகரம் +2, ஐந்தால் வகுத்தால் 0.4. சராசரி 500.4. இது தோராயமே இல்லை, துல்லியம்.

ஆண்டுச் சராசரி வளர்ச்சி வீதம் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். மூன்று ஆண்டில் 240 என்பது 410 ஆனது. மொத்த வளர்ச்சி 70.8 சதவீதம். அதை மூன்றால் வகுத்து 23.6 என்று போடத் தோன்றும், விடைகளில் 23.6-ஐயும் வைத்திருப்பார்கள். வட்டிக்கு வட்டி மாதிரி ஏறுவதால் உண்மை அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மடங்கு 1.708. 1.2-ஐ மூன்று தடவை பெருக்கினால் 1.728. சற்றே மிஞ்சுகிறது, ஆகவே 20-க்குக் கொஞ்சம் கீழே. விடைகளில் 19.5 இருந்தால் அதுதான். 1.1-இன் கனம் 1.331, 1.2-இன் கனம் 1.728, 1.3-இன் கனம் 2.197. இந்த மூன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

பிப்ரவரி 27

ஒரு வாரமாக இந்த இழையைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். குத்துமதிப்புக்கு வக்காலத்து வாங்குவதுபோல் தொனிக்கிறது. அப்படி இல்லை. கேட்டவரிடம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன்: துல்லியமாகப் போட்டால் ஐந்துக்கு ஐந்து வருகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. அட்டவணையைச் சரியாகப் படிக்கிறார், எதை எதால் வகுப்பது என்று தெரிகிறது. அது தெரியாமல் வேகமாகத் தோராயம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வேகமாகத் தப்பான எண்ணை வகுப்பார்கள். 20 சதவீதம் 25 ஆனால் ஐந்து சதவீதப் புள்ளி கூடியதா, 25 சதவீதம் கூடியதா என்று குழம்புகிறவருக்கு எந்தக் குறுக்குவழியும் உதவாது.

அப்புறம், நான் சொன்ன ‘இடைவெளியில் பாதி’ அளவு. அதைத் தேர்வுக் கூடத்தில் உட்கார்ந்து யாரும் கணக்குப் போட முடியாது, நானும் போடுவதில்லை. விடைகளைப் பார்த்ததும் ‘இது அகலம், இது நெருக்கம்’ என்று ஒரு பார்வையில் தெரிய வேண்டும். அதற்குப் பழைய வினாத்தாளை எடுத்து, கணக்கே போடாமல், ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ‘அ’ அல்லது ‘நெ’ என்று மட்டும் எழுதிக்கொண்டு போங்கள். சலிப்பான வேலை. ஆனால் பாதிக்கு மேல் ‘அ’ விழுவதைப் பார்க்கும்போது ஒரு தெம்பு வரும்.

மார்ச் 5

கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். ஒன்பது நிமிடம், நாலு சரி, ஒன்றைத் தொடாமல் விட்டுவிட்டாராம். 1,874 என்பது 5,936-இல் எத்தனை சதவீதம், விடைகளில் 31.2-ம் 31.6-ம் இருந்தன, ‘நெ’ என்று போட்டுவிட்டுத் தாண்டிவிட்டேன் என்கிறார். சரிதான். நானாக இருந்தாலும் விட்டிருப்பேன்.

மார்ச் 5, இரவு

விட்டிருக்க மாட்டேன் போலிருக்கிறது. சும்மா இருக்க முடியாமல் போட்டுப் பார்த்தேன்.

பழைய பின்னப் பெயர்களில் அரைக்கால் எட்டில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று. காலும் மாகாணியும் சேர்ந்தால் பதினாறில் ஐந்து, 31.25 சதவீதம். சிக்கலான அந்த இரண்டு விடைகளுக்கு நடுவே, நம் வசதிக்கென்றே நிறுத்திவைத்த மாதிரி ஒரு கல். 5,936-இல் கால் 1,484. அதில் கால் 371. கூட்டினால் 1,855. நம்மிடம் இருப்பது 1,874, இன்னும் 19 அதிகம். ஒரு சதவீதம் 59 என்றால் 19 என்பது மூன்றில் ஒரு பங்கு சதவீதம். 31.25-உடன் 0.32. ஆக 31.6.

பதினைந்து வினாடி ஆனது. முதல் தடவை கால்வாசியை 1,434 என்று எழுதித் தொலைத்ததால் உண்மையில் நாற்பது.